பிடித்த ஓவியரை எங்கே தேடுவது? எழும்பூரா, சோழமண்டலமா, கிரீம்ஸ் ரோடா?

அக்கா மகள் துரைப்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டல் விட்டால் ஆபீஸ், ஆபீஸ் விட்டால் ஹாஸ்டல். ஒரு நாள் போன் செய்து, "மாமா, ஓவியம் பார்க்கணும்னா சென்னையில எங்க போகணும்? எனக்கு ரவிவர்மா தெரியும், மணியம் செல்வன் தெரியும். அவ்வளவுதான்" என்றாள். சனிக்கிழமை மட்டும்தான் நேரம். வண்டி கிடையாது. சாப்பாடு உட்பட ஐந்நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

எழும்பூர் மியூசியம் போ என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். கேட்கிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்வது வழக்கம். ஆனால் அவள் கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "எனக்குன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் வேணும் மாமா." பிடித்த பாடகர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வருகிறதே, அந்த மாதிரி. அதற்கு எழும்பூர் சரியான இடம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்த இடம் எதற்கு உதவும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

முதலில், ஒருவருக்குப் பாடகர் எப்படிப் பிடித்துப்போகிறார்? எங்கோ ஒரு பாட்டு காதில் விழுகிறது. அது பிடித்துப்போவது வேறு கதை. அதே குரலில் இரண்டாவது, மூன்றாவது பாட்டு கேட்கிறோம். அப்புறம் ஒரு நாள் டீக்கடை ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்று ஓடும்போது, பெயர் சொல்வதற்கு முன்பே "இது அவர்தான்" என்று தெரிந்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அவர் நம் ஆள். ஓவியத்திலும் இதேதான் நடக்கிறது. லேபிளைப் பார்க்காமல் "இது அவர் கை" என்று ஒருமுறை தெரிந்துவிட வேண்டும். அப்படி நடக்க இரண்டு வசதி தேவை. ஒரே ஆளின் பல படைப்புகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக நமக்குக் கட்டுபடியாக வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போட்டேன். கட்டடம் அழகா, காபி நன்றாக இருக்குமா என்பதெல்லாம் பிறகு.

எழும்பூரிலிருந்தே தொடங்கலாம். 1851-இல் ஆரம்பித்த அருங்காட்சியகம். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயிலில் நேராகப் போய் இறங்கும் வசதி உண்டு. டிக்கெட்டும் பெரிய தொகை இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை, பூட்டிய கேட்டின் முன்னால் நின்றபோது. ஆட்டோக்காரர்கூட "சார், இன்னைக்கு லீவாச்சே" என்றார், இறக்கிவிட்ட பிறகு.

அங்கே போனால் செப்புத் திருமேனிக் கூடத்தை விடக் கூடாது. திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர், 11-ஆம் நூற்றாண்டு. எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கள், மூன்று வரும். வலப்பக்கம் சிவன், அவருக்கு இரண்டு. இடப்பக்கம் உமை, அவளுக்கு ஒன்று. கணக்கில் ஒன்று குறைகிறதே என்று முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் இடப்பக்கத்து இடுப்பின் வளைவே அந்தக் குறையை ஈடுகட்டிவிடுவது தெரியும். இதே திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அங்கே காளை போய்விட்டது, கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கும்.

இரண்டையும் செய்தது ஒரே கைதானா? யார் சொல்ல முடியும். பெயர் பொறித்துவிட்டுப் போகிற வழக்கம் அந்த ஸ்தபதிகளுக்கு இல்லை. "எனக்குன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்" என்று கேட்பவளுக்கு எழும்பூர் அங்கேதான் சறுக்குகிறது. கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் மனசுக்குப் பிடித்தவரின் அடுத்த படைப்பை எங்கே போய்த் தேடுவது?

ரவிவர்மா அங்கே உண்டே என்பீர்கள். உண்டு. 1873-இல் இதே மெட்ராஸ் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கியவர், அதனால் ஊருக்கும் உரிமை உள்ளவர். காலண்டரிலும் பூஜை அறையிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல் ஆயில் ஓவியம் ஓர் அதிர்ச்சிதான். தள்ளி நின்றால் பட்டு, பக்கத்தில் போனால் வெறும் வண்ணத் தீற்றல். ஆனால் அவளுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். தவிர, ஓவியங்கள் வைக்கும் சிவப்புக் கட்டடம் பல ஆண்டு மூடிக் கிடந்ததும் உண்டு. எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. சுருக்கமாகச் சொன்னால் எழும்பூரில் பல நூற்றாண்டு இருக்கிறது, ஒரே ஆளின் பத்துப் படம் வரிசையாகக் கிடைப்பது அரிது.

ஈஞ்சம்பாக்கத்து ஓவியர் கிராமமான சோழமண்டலம் இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பது கிட்டத்தட்ட ஒரே தலைமுறை, ஒரே பள்ளிக்கூடத்து ஆட்கள்.

கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850-இல் தொடங்கிய மெட்ராஸ் கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கும் நான்கு பேர், அந்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பிறகு 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். படித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடிக்கொண்டு தூரிகையை மூலையில் போட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. எல்லோரும் சேர்ந்து பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி 1966-இல் குடியேறத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தான். இன்று இ.சி.ஆர். விலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

அங்குள்ள மியூசியம் 2009-இல் திறந்தது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தோழர்களும் வரைந்தவை, செய்தவை. மெட்ராஸ் இயக்கம் என்று கலை உலகில் சொல்வது இவர்களைத்தான். பெரிய இடமில்லை, நிதானமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம். அதுதான் அதன் பலம் என்பேன். மூச்சு முட்டாது. களைத்துப்போய்க் கடைசி அறைகளை ஓடியபடி பார்க்க வேண்டியதில்லை. சுற்றி முடித்ததும் திரும்ப முதல் அறைக்குப் போகலாம்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். 1963 வாக்கில் தொடங்கிய வரிசை. முதல் பார்வைக்கு யாரோ ஒருவரின் பழைய ஜாதக நோட்டைச் சுவரில் மாட்டியது போல இருக்கும். கட்டங்கள், எண்கள், நடுநடுவே ஒரு பறவையோ மீனோ, நெருக்கி நெருக்கி எழுதிய எழுத்து. மலையாளம் என்று நினைத்து வாசிக்கப் போவோம். மலையாளம் தெரிந்த நண்பரை அழைத்துப் போனேன், அவரும் ஐந்து நிமிடம் முட்டிக்கொண்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று சிரித்தார். எழுத்து மாதிரி இருக்கும், எழுத்து இல்லை. தாயத்துத் தகட்டில் கீறியிருப்பதை நாம் யாராவது வாசித்திருக்கிறோமா? அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடவில்லையா? அந்த மாதிரி.

அப்புறம் கே. ராமானுஜம். 1941-இல் பிறந்து 1973-இல் இறந்துபோனவர். பேச்சு சரியாக வராது. பணிக்கரின் ஆதரவில் சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். அவருடைய மை ஓவியத்தை எட்ட நின்று பார்த்தால் ஏதோ புராணப் படம் போல இருக்கும்: மாடமாளிகை, சிறகு முளைத்த மிருகம், பாம்பு. கிட்டே போனால் பேனாக் கோடு கோடாக, ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடாமல், ஜமுக்காளம் நெய்தது போல நிரப்பியிருப்பார். அந்த மாளிகைக் கூட்டத்துக்குள் தொப்பி வைத்த ஓர் ஆள் இருப்பான். அவர்தான் அது. நிஜத்தில் கிடைக்காத அரண்மனையில் தன்னையே கொண்டுபோய் உட்காரவைத்துக்கொண்டார். ஒரு படத்தில் அந்தத் தொப்பிக்காரனைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த படத்திலும் கண் தானாகத் தேடும். நான் முன்னே சொன்ன "இது அவர் கை" என்கிற நிமிடம் எனக்கு வாய்த்தது இவரிடம்தான், இரண்டாவது முறை போனபோது. முதல் முறை இவரைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

சிற்பத்திலும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எடுப்பவர். கோயில் கவசம் செய்கிறவர்களின் வேலை போலத்தான், ஆனால் கும்பிடத் தோன்றாது, அருகே போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றும். (தொடாதீர்கள்.) பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் உலோகத்தைப் பற்றவைத்துத்தான் செய்தார். தகடு ஒன்று, கை வேறு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் வித்தியாசம் பிடிபடும். வெளியே தோட்டத்திலும் சிற்பங்கள் உண்டு, மர நிழலில் உட்காரலாம், சாப்பிட இடம் உண்டு. திருவான்மியூரிலிருந்து இ.சி.ஆர். பஸ் எதில் ஏறினாலும் இறங்கிக்கொள்ளலாம். அவளுக்கோ சோழிங்கநல்லூர் வழியாகக் குறுக்கே வந்தால் இன்னும் பக்கம்.

குறை இல்லாமலில்லை. அங்கே உள்ளவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். பார்த்த படமே மறுபடியும் இருக்கும், புதிதாக எதுவும் சேர்வது குறைவு. வாடகைக்கு விடும் காட்சிக்கூடங்கள் வளாகத்துக்குள் உண்டு, அங்கே தொங்குவது வாரத்துக்கு வாரம் மாறும், தரமும் அப்படியே மாறும்.

உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கிரீம்ஸ் ரோடு. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் வட்டார மையம். மருத்துவமனைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் அந்த கேட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே போகக் காசு கிடையாது. யாராவது ஓர் ஓவியரோ குழுவோ கூடத்தை எடுத்து ஒரு வாரம் காட்சி வைத்திருப்பார்கள். பின்னால் பட்டறைகளில் கலைஞர்கள் வேலை பார்ப்பார்கள், உலோகத் தகட்டில் கோடு பொறித்து, மை தடவி அச்செடுக்கும் எட்சிங் படங்களை இயந்திரத்தில் இழுப்பதைச் சில சமயம் பார்க்க முடியும். தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன், அச்சோவியத்தில் பெரிய பெயர், இந்த மையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்.

இங்கே தனிநபர் கண்காட்சி நடக்கும் வாரம் பார்த்துப் போக வேண்டும். ஒரே ஆளின் இருபது, முப்பது படம் ஒரே கூடத்தில். குழுக் கண்காட்சி என்றால் ஆளுக்கு இரண்டு. கல்யாண வீட்டில் ஐம்பது பேரிடம் வணக்கம் சொன்ன மாதிரி, வீட்டுக்கு வந்தால் ஒரு முகமும் நினைவிருக்காது. திறப்பு நாள் மாலையில் போனால் ஓவியரே நிற்பார், கையில் டீ இருக்கும். "இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேளுங்கள், மனம் குளிர்ந்து சொல்வார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டு, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இதில் ஆபத்து என்னவென்றால், எல்லா வாரமும் நல்ல வாரம் இல்லை. மூன்று முறை போனால் ஒருமுறை வாய்க்கும். துரைப்பாக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, நாலு குதிரைப் படமும் ஆறு புத்தர் தலையும் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் யார் வருவார்?

தனியார் கேலரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுங்கம்பாக்கம், அடையாறு, ஆழ்வார்பேட்டைப் பக்கம் உண்டு. பெரும்பாலும் நுழைவு இலவசம், வெளிச்சம் நன்றாக இருக்கும், தேர்வும் கவனமாக இருக்கும். ஆனால் கண்ணாடிக் கதவும் ஏசிக் குளிரும், உள்ளே ஒருவரும் இல்லாத அமைதியும் சேர்ந்து ஆளைக் கொஞ்சம் மிரட்டும். முதல் இரண்டு முறை நான் கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். வாங்கத்தான் வர வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். இது தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். முதல் இடமாக வேண்டாம், நான்காவது ஐந்தாவதாகப் போகலாம்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவையும் சிலர் சொல்வார்கள். 1996-இலிருந்து இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. செட்டிநாட்டு வீடும் கேரளத்து வீடும் பெயர்த்து வந்து நிறுத்தியிருப்பது பார்க்க வேண்டியதுதான், உள்ளே ஒரு கலைக்கூடமும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. தனியாக, ஓர் ஓவியரைத் தேடிப் போகிறவளுக்கு வீடுகளும் பானையும் நெசவும் கவனத்தை இழுத்துக்கொள்ளும்.

கொச்சி பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி பற்றி அவளே கேட்டாள். ஆபீஸில் யாரோ போய் வந்து போட்டோவாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022-க்குப் போனது. ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளில், ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற இடங்களில், மிளகு வாசனை நினைவுக்கு வரும் சுவர்களுக்கு நடுவே உலகத்துக் கலைஞர்கள். படகில் போய் இறங்குவதே ஒரு சுகம். ஆனால் அதுவும் கல்யாண வீடுதான், ஆளுக்கு ஓர் இடம், ஒரு படைப்பு. இரண்டு நாளில் கால் வலிக்கும், கண் நிறைந்துவிடும், பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அவளுடைய ஐந்நூறு எங்கே, அது எங்கே. ஒரு வருடம் இங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டு போனால் கொச்சி இரண்டு மடங்கு கொடுக்கும்.

"போன்லயே பார்த்துக்கலாமே மாமா" என்றும் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். எழும்பூர் நடராசரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோதான் உருகி எழுதியது 1921-இல் அச்சாகி வந்தது. அவர் மெட்ராஸுக்கு வந்ததே இல்லை, போட்டோவைப் பார்த்துத்தான் எழுதினார். ஆக, போட்டோ போதாது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நமக்கும் அச்சுத்தானே முதல் கேலரி? கி.ரா.வின் எழுத்துக்கு ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்களை வார இதழில் பார்த்த தலைமுறை நான். பெயர் தெரியாமலேயே அந்தக் கோடு அடையாளம் தெரியும். ஆனால் அதே ஆதிமூலம் பின்னாளில் வரைந்த பெரிய வண்ணக் கேன்வாஸ் ஒன்றின் முன்னால் நின்றபோதுதான், இத்தனை நாள் பார்த்தது கடுகளவு என்று தெரிந்தது. கோடு அச்சில் தப்பிப் பிழைக்கும், வண்ணமும் அளவும் பிழைக்காது. போனில் ராமானுஜத்தின் படம் ஒரு கரும் பச்சைக் கறை போல இருக்கும். பெரிதாக்கினால் தொப்பிக்காரன் தெரிவான், மாளிகை போய்விடும். நேரில் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்த பிறகு, அதே ஆளின் மற்ற படங்களைத் தேடப் போனைப் போல உதவும் கருவி கிடையாது. வரிசைதான் முக்கியம்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது இது. முதல் சனிக்கிழமை சோழமண்டலம். முதல் சுற்று லேபிளே பார்க்காமல் வேகமாக. இரண்டாவது சுற்றில் எந்த மூன்று படத்தின் முன்னால் கால் நின்றதோ அவற்றுக்கு மட்டும் போய்ப் பெயரை நோட்டில் எழுது. போட்டோ எடுக்காதே, எடுத்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண் சோம்பல்படும். ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பப் போ. அந்த மூன்றில் ஒன்று உதிர்ந்துபோகும், வேறொன்று சேரும். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கிரீம்ஸ் ரோடு, அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு. எழும்பூருக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆயிரம் வருடம் காத்திருந்த சிலை இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருப்பேன். இரண்டு பஸ் மாறி ஈஞ்சம்பாக்கம் போவதைவிட நாலு முறை எழும்பூர் போவது மேல்.

போனாள். முதல் முறை போய் வந்து, "உங்க தொப்பிக்காரர் எனக்குப் பிடிக்கல, மூச்சு முட்டுது" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. ஜானகிராம் பிடித்திருந்தது, சுத்தியல் அடி தெரிகிறது என்பதற்காக. இரண்டாவது முறை போனதும் அதையேதான் சொன்னாள்.

போன வாரம் கிரீம்ஸ் ரோட்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள், எடுக்காதே என்று சொன்னதையும் மீறி. யாரோ ஓர் இளம் ஓவியரின் எட்சிங். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, தகரக் கூரைகள், அதன் மேல் ஒரு பூனை. "கீழே பென்சில்ல 3/15னு எழுதியிருக்கே, என்ன மாமா அது, தேதியா?" என்று கேட்டாள். ஒரே தகட்டிலிருந்து பதினைந்து பிரதி மட்டும் இழுத்திருக்கிறார், இது மூன்றாவது என்று விளக்கினேன். அதனால்தான் கேன்வாஸைவிட விலை குறைவாக இருக்கும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு வரி வந்தது: "மாமா, இவ்வளவு சின்னதுக்கு பிரேம் போட எவ்வளவு ஆகும்?"